ஒன்றை முடித்துவிட்டு மற்றதா, மூன்றையும் சேர்த்தா?

வீட்டில் குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை) தைக்கிறவர்களில் இரண்டு வகை. எடுத்ததைக் கரை கட்டி, அதாவது விளிம்பைச் சுற்றிப் பட்டி வைத்துத் தைத்து, முடித்த பிறகே அடுத்த துணியில் கத்தரிக்கோல் வைப்பவர்கள் ஒரு வகை. இரண்டு மூன்றைச் சேர்த்தே ஓட்டுகிறவர்கள் மற்ற வகை. திருகோணமலையில் இருந்துகொண்டு இரண்டு விதமாகவும் தைத்த நான் இப்போது இரண்டாவது பக்கம்.

ஒவ்வொன்றாகத் தைப்பதன் வசதி தெரிந்ததுதான்: இடம் குறைவு, நூல் மாற்றும் வேலை குறைவு, எந்தத் துண்டு எதற்கு வெட்டியது என்ற குழப்பம் இல்லை. கலியாணத்துக்கோ பிறக்கப்போகும் பிள்ளைக்கோ நாள் வைத்துத் தைப்பதென்றால் அப்படித்தான் தைக்க வேண்டும்.

ஆனால் ஒரே குயில்டுக்குள்ளேயே வேலை பலவிதம். துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கட்டங்களை இணைக்க மெஷினும் அயனும் வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்து மத்தியானத்தில் அயனுக்குப் பக்கத்தில் நிற்க முடியுமா? முழு குயில்டை மடியில் போட்டுக் கரை தைத்தாலும் புழுங்கும். அந்த நேரத்துக்குக் காகிதத்தின் மேல் மடித்துத் தைக்கிற அறுகோணத் துண்டுகள் நல்லது. விறாந்தையில் இருந்து கையாலேயே தைக்கலாம். மெஷின் வேலையை விடியப்புறத்துக்கு வைக்கலாம். கரை கட்டும் வேலைக்கு மார்கழிக் குளிர்தான் தோது. கரண்ட் போனாலும் ஊசி நிற்காது.

சரி, எனக்கு முடிவு சொன்னது பராமரிப்புத்தான். பாதியில் நிற்கிற வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வெட்டிய துண்டுகள் காத்திருக்கும், தைத்து முடித்த மேல்துணியும் காத்திருக்கும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று அடுக்கிச் சேப்டி பின் குத்திய மூன்றடுக்கு காத்திருக்காது. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்திய சேப்டி பின்கள் இந்த உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். கழற்றினால் பின் நுழைந்த இடத்திலும் வெளிவந்த இடத்திலும் மண்ணிறத்தில் பொட்டுப் பொட்டாக நிற்கும். சவர்க்காரத்துக்கு அது அசையாது. குளோரின் ப்ளீச் போட்டால் இன்னும் ஊறிவிடும். ஐப்பசியில் மழை தொடங்கினால் பருத்திப் பஞ்சு ஈரத்தை இழுத்து, மடிப்புக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பொலியெஸ்டர் பஞ்சு அவ்வளவு ஈரம் இழுக்காது, ஆனால் அதில் நான் தைத்தது குறைவு. ஒரு மழைக்காலம் முழுக்க மடித்து வைத்துப் பார்த்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஆகவே மேல்துணி எத்தனை வேண்டுமானாலும் ஓடலாம், பின் குத்திய மூன்றடுக்கு மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதுவும் நிற்க வேண்டி வந்தால் பின்களை எடுத்துவிட்டு வெள்ளை நூலை நீளத் தையலாக ஓட்டி, மடிக்காமல் உருட்டி, பழைய பருத்திச் சீலையில் சுற்றி வைக்கிறேன். வெயில் எறிக்கிற நாளில் பிரித்துக் காற்றாட விட வேண்டும்.

தையலுக்குக் கோடு போடுகிற, தண்ணீரில் அழிகிற நீலப் பேனாவிலும் கவனம் வேண்டும். கழுவுவதற்கு முன் அயன் சூடு பட்டால் கோடு போகாமலே நின்றுவிடலாம். நாள் கழித்து எடுக்கிற வேலையில் எங்கே கோடு போட்டோம் என்பது நினைவில் இராது. அன்று தைக்கிற அளவுக்கு மட்டும் கோடு போட்டால் போதும்.

சேர்த்துத் தைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை அளவு. தையலுக்கு வெளியே விடுகிற கால் அங்குல விளிம்பு, நாள் இடைவெளி விட்டுத் தைக்கும்போது மயிரிழை கூடும் குறையும். எட்டுக் கட்டம் சேர்ந்த வரிசையில் அந்த மயிரிழை பல மடங்காகிவிடும், மூலைகள் சந்திக்காது. ஒவ்வொரு வேலைக்கும் தனித் துணிப்பை, அதற்குள் முதலில் தைத்த கட்டம் ஒன்று மாதிரிக்கு. திரும்ப எடுக்கும்போது புதுக் கட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகே மற்றதைத் தைப்பேன். கரைக்கு வேண்டிய பட்டியையும் தொடக்கத்திலேயே வெட்டி அதே பைக்குள் வைத்துவிட வேண்டும். கடையில் அந்தத் துணி முடிந்து அடுத்த கட்டு வந்தால் அதே நிறம் கிடைக்குமென்று நம்ப முடியாது.