மேக்னெட் வயருக்குள் ஏறி வந்த ஆயில்: சரிசெய்த பிறகான நீண்டகால அனுபவம்

என்னிடம் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் கொண்ட 350 சிசி மோட்டார் சைக்கிள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனெனில் மேக்னெட் காயில் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்சாரத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள்) என்ஜின் ஆயிலில் நனைந்தபடி இயங்கும் எந்த வண்டியிலும், வயது கூடக்கூட, இந்தக் கோளாறு வர வாய்ப்புண்டு. இடப்பக்க மூடியைக் கழற்றியபோது, காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள் ரெகுலேட்டருடன் (அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக்கும் பெட்டி) சேரும் கப்ளரின் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) அடியில் ஆயில் துளித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் தெருப்புழுதி படிந்து கறுப்புக் களிம்பாக இறுகியிருந்தது. என்ஜினிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளி, அதுவும் உயரமான இடத்தில், ஆயில் எப்படி வந்தது என்பதே முதல் கேள்வி.

பட்டறையில் மேக்னெட் கவரின் கேஸ்கட்டை மாற்றினார்கள். கசிவு நிற்கவில்லை என்றதும், வயர்கள் கவரிலிருந்து வெளிவரும் ரப்பர் வளையமான குரோமெட்டைச் சுற்றிச் சிலிக்கான் பேஸ்ட் பூசினார்கள். இரண்டுமே முறையான வேலைகள்தான். ஆனால் அவை வயருக்கு வெளியே உள்ள வழியை மட்டுமே அடைப்பவை. இங்கே ஆயில் வந்த வழி வயருக்கு உள்ளே இருந்தது. வண்டி வயரின் மேலுறைக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி அல்ல, மெல்லிய செப்பு இழைகளின் கற்றை. அந்த இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக, அகல்விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலவே, ஆயில் ஏறிவிடுகிறது. ஓடிச் சூடேறிய ஆயில் இளகி இருப்பதால் ஏற்றம் இன்னும் எளிதாகிறது. இதனுடன் உள்ளிருந்து தள்ளும் விசையும் சேர்கிறது: ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் அறையிலுள்ள காற்று அழுத்தப்படுகிறது, அந்த அழுத்தம் ப்ரீதர் குழாய் (என்ஜினின் காற்றுப்போக்கி) வழியாக முழுமையாக வெளியேறாவிட்டால், கிடைக்கும் சிறு வழியிலெல்லாம் ஆயிலை உந்தும். கப்ளரில் வயர் முடியும் இடத்தில் உறையும் முடிந்துவிடுவதால், ஆயில் அங்கேதான் வெளியே தெரிகிறது. முனையைக் கிரிம்ப் செய்து இறுக்கியிருந்தாலும் இழைகளுக்கிடையே வழி முற்றிலும் மூடிவிடுவதில்லை.

இது உறுதிப்படுத்த எளிதான கோளாறு. கவரையும் குரோமெட்டையும் பெட்ரோலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, அந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, என்ஜின் நன்கு சூடாகும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் குரோமெட்டைச் சுற்றியிருந்த பவுடர் உலர்ந்தே இருந்தது, கப்ளரோ ஈரமாகியிருந்தது. பிறகு குரோமெட்டுக்குச் சற்று வெளியே ஒரு மஞ்சள் வயரின் உறையைக் கூரிய கத்தியால் சிறிதளவு வட்டமாகச் சீவி எடுத்தபோது, செப்பு இழைகளின் மேல் ஆயில் முத்துப் பிடித்து நின்றது. அதற்கு மேல் ஐயம் இருக்கவில்லை.

ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இதனால் சார்ஜிங் உடனே நின்றுவிடாது. பலர் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விடுவதற்கும் அதுவே காரணம். ஆனால் ஆயில் கப்ளரின் ரப்பர் சீலை உப்பவைக்கிறது, சாதாரண வயர் உறையை நாளடைவில் கெடுக்கிறது, மணலையும் ஈரத்தையும் முனைகளில் பிடித்துவைக்கிறது. காயிலிலிருந்து வரும் மின்னோட்டம் சிறியதன்று. முனைத் தொடர்பு தளர்ந்தால் கப்ளர் சூடேறிக் கருகும். என் கப்ளரில் ஒரு முனையைச் சுற்றிய பிளாஸ்டிக் ஏற்கெனவே பழுத்திருந்தது.

தீர்வு, இழைகளுக்கிடையேயான இடைவெளியை ஓரிடத்தில் முழுவதுமாக ஈயத்தால் (சோல்டரால்) நிரப்பிவிடுவது. குரோமெட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று விரற்கடை தள்ளி மூன்று வயர்களையும் வெட்டினேன். இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சற்று முன்பின்னாக வெட்டுவது நல்லது. வேலையில் கடினமான பகுதி சோல்டரிங் அல்ல, சுத்தம் செய்வதே. ஆயிலில் ஊறிக் கறுத்த செப்பின் மேல் ஈயம் ஒட்டாது. வெறுமனே உருண்டு விழும். ஆகவே உறையை உரித்த முனைகளை விரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் திரும்பத் திரும்பக் கழுவி, செம்பு பளிச்சென்று தெரியும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உடனே ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின், ஒரு வகை பிளக்ஸ்) வைத்து ஈயம் ஏற்ற வேண்டும். அதற்குள் ஆயில் மீண்டும் ஊறிவிடாமல் இருக்க, என்ஜின் முற்றிலும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். அமிலம் கலந்த பிளக்ஸ் செம்பைப் பின்னாளில் அரித்துவிடும் என்பதால் அது கூடாது. வானொலிப் பெட்டிகளுக்குப் பயன்படும் 25 வாட் சோல்டரிங் இரும்பு இந்தத் தடித்த வயருக்குப் போதாது; ஈயம் மேற்பரப்பில் மட்டும் படிந்து, நடுவில் வழி திறந்தே இருக்கும். நான் 60 வாட் இரும்பைப் பயன்படுத்தினேன். பழைய வயர்த் துண்டு ஒன்றில் முதலில் ஈயம் ஏற்றி, அதைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகம் இடைவெளியின்றி வெள்ளி நிறமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டி வயரைத் தொட்டேன். இந்தச் சோதனையைத் தவிர்க்கலாகாது. 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) ஏறத்தாழ 183 டிகிரி செல்சியஸில்தான் இளகத் தொடங்கும் என்பதால், கவருக்கு வெளியே நிலவும் சூட்டில் அடைப்பு இளகும் என்ற அச்சம் வேண்டாம்.

கப்ளர் வரையிலான மீதி வயரை நான் தக்கவைக்கவில்லை. ஆயில் ஊறிய வயரை அப்படியே விட்டால், அடைப்பு சரியாக இருந்தாலும் உள்ளே தங்கியது பல வாரங்கள் துளித்துக்கொண்டே இருக்கும். செய்த வேலை பலிக்கவில்லை என்று தோன்றிவிடும். எனவே அதே கனத்தில் வெப்பம் தாங்கும் புது வயரும், புதுக் கப்ளரும் போட்டேன். மூன்று மஞ்சள் வயர்களும் மாறுதிசை மின்சாரத்தின் மூன்று கட்டங்கள் என்பதால், எது எதனுடன் சேர்கிறது என்ற கவலை இல்லை. ஒவ்வோர் இணைப்பின் மேலும் உட்புறம் பசை பூசிய, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், பழைய உறையையும் புதிய உறையையும் நன்றாகத் தழுவும் நீளத்தில் போடப்பட்டது. பசையில்லாத சாதாரண ஸ்லீவ் போட்டால், அடைப்பில் தடுக்கப்பட்ட ஆயில் அதன் ஓரத்தில் கசியும். ஈயம் ஏறிய பகுதி விறைத்துவிடும் என்பதால், அதிர்வில் அதன் விளிம்பில் இழைகள் முறியக்கூடும். அதைத் தவிர்க்க, இணைப்பின் இருபுறமும் வயரைக் கிளிப் வைத்துப் பிடித்திருக்கிறேன்.

உடன் செய்த இன்னொரு வேலை ப்ரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தது. பாதி வழி அழுக்கில் அடைந்திருந்தது. ஆயில் அளவையும் கையேட்டின்படி நேராக நிறுத்திப் பார்த்து, மேல் கோட்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்கிறேன். ப்ரீதர் அழுக்கேறி அடைந்த வண்டியில் வயரில் வைத்த எந்த அடைப்பும் நெடுநாள் தாங்கும் என்று நான் நம்பவில்லை.

இதன் பிறகு பல ஆயில் மாற்றங்களும் இரண்டு வடகிழக்குப் பருவமழைகளும் கடந்துவிட்டன. கப்ளரை ஒவ்வொரு சர்வீஸின்போதும் திறந்து பார்க்கிறேன். உட்புறம் உலர்ந்தே இருக்கிறது. மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளக்கும்போது மூன்று இணைகளிலும் ஏசி வோல்டேஜ் ஒன்றுபோலவே வருகிறது. காயிலுக்கும் பாடிக்கும் இடையே தொடர்பும் இல்லை. நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிறகு தொட்டால் இணைப்புகளில் தனியான சூடு தெரிவதில்லை. பட்டறையில் சொல்லப்பட்ட மாற்று, காயிலையே புதிதாக மாற்றுவது. அதன் விலையில் ஒரு சிறு பங்குகூட எனக்குச் செலவாகவில்லை. அதோடு, புதுக் காயிலின் வயரும் இழைக்கற்றைதான் என்பதால், இதே அடைப்பு இல்லாமல் போட்டால் சில ஆண்டுகளில் அதுவும் ஆயிலை ஏற்றும்.

முழுமையாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதே குரோமெட் வழியாக வரும் பல்சர் காயிலின் (இக்னிஷன் நேரத்தை உணர்த்தும் சிறு சுருள்) இரண்டு மெல்லிய வயர்கள் அப்போது உலர்ந்திருந்ததால் அவற்றைத் தொடவில்லை. அண்மையில் அவற்றின் கப்ளரில் லேசான பிசுபிசுப்பு தெரிகிறது. அவற்றில் முனை மாறினால் இக்னிஷன் நேரம் தவறும் என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டாமல், ஒன்றை முடித்த பிறகே மற்றொன்றை எடுக்கப் போகிறேன்.