தேதி அனுப்ப யுடிசியா, +05:30-ஆ, விநாடி எண்ணா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி. அவர்களுடைய டிஸ்பாட்ச் விவரத்தை ஜெர்மனியில் சரக்கு எடுப்பவரின் சர்வருக்கு அனுப்பும் வேலையைக் காட்பாடியில் நாங்கள் மூன்று பேர் செய்தோம். நேரத்தை எப்படி எழுதி அனுப்புவது என்பதிலேயே இரண்டு வாரம் இழுபறி. யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) நேரம் போட்டுக் கடைசியில் இசட் (Z). நம்ம ஊர் நேரம் போட்டுப் பின்னால் +05:30. 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் விநாடி. இந்த மூன்றுதான் போட்டி. டைம்ஸோனே இல்லாத மொட்டை நேரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

விநாடி எண் டெஸ்டிங்கிலேயே அவுட். நாங்கள் விநாடியில் அனுப்ப, அவர்கள் மில்லி விநாடி என்று படிக்க, எல்லா ஆர்டரும் 1970 ஜனவரிக்குப் போய் உட்கார்ந்தது.

+05:30 பக்கமும் நியாயம் உண்டு. லாக்கை (சர்வரின் பதிவேடு) திறந்தால் நம் கடிகார நேரமே தெரியும். இணையத்தில் தேதி, நேரம் எழுதும் விதியான ஆர்எஃப்சி 3339 இசட், +05:30 இரண்டு வடிவத்தையும் ஏற்கிறது. தொல்லையெல்லாம் சில்லறை இடங்களில்தான். யூஆர்எல்லில் வைத்தால் பிளஸ் குறி அந்தப் பக்கம் வெற்றிடமாக இறங்கும். அதை யூஆர்எல்லுக்கு ஏற்ற குறியீடாக மாற்ற (என்கோட் செய்ய) யாராவது ஒருவர் மறந்தே தீருவார். எழுத்து வரிசைப்படி அடுக்கினால் ஜெர்மனியின் காலை 9 மணி (+01:00) நம் பகல் 12-க்கு முன்னால் வந்து நிற்கும். உண்மையில் அது நமக்கு மதியம் ஒன்றரை.

நான் யுடிசி கட்சி. காரணம் ஒன்றே ஒன்று: ராத்திரி போன் வந்தால் தப்பை எவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியும் என்பது.

ஒரு நவம்பர் 5 அன்று கம்பெனி கணக்கர் கூப்பிட்டார். "இன்னா சார், லாரி இன்னும் ஷெட்டுலயே நிக்குது. ஜெர்மனிக்காரன் நேத்தே கிளம்பிடுச்சேன்றான்!" லாக்கில் நவம்பர் 4, 18:30. பார்த்ததும் புரிந்துவிட்டது. வெறும் தேதியை எங்கள் புரோகிராம் நள்ளிரவு 12 மணியாக்கி யுடிசிக்கு மாற்றியிருக்கிறது. அவர்கள் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் நள்ளிரவு யுடிசியில் குளிர்காலத்தில் 23:00, கோடையில் 22:00 என்று மாறும். நமக்கு வருஷம் பூரா 18:30. வரிசையாக 18:30 நின்றால் தேதி ஒன்று நேரமாகிவிட்டது என்று அர்த்தம். +05:30 போட்டிருந்தால் 00:00 என்று சமர்த்தாக நின்றிருக்கும், நானும் தாண்டிப் போயிருப்பேன். (டிஸ்பாட்ச் தேதி இப்போது நேரமே இல்லாமல் வெறும் தேதியாகத்தான் போகிறது. முதலிலேயே அப்படி அனுப்பியிருக்க வேண்டும்.)

யுடிசி எங்களைக் கைவிட்ட இடமும் உண்டு. புதன்கிழமை மீட்டிங் ஜெர்மனி நேரம் காலை 10. கோடையில் யுடிசியாக மாற்றிச் சேமித்தோம், நமக்கு 13:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு, நாங்கள் 13:30-க்கு உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இந்த மாதிரி வருங்கால நேரத்துக்கு உள்ளூர் மணியும் 'ஐரோப்பா/பெர்லின்' என்ற ஸோன் பெயரும்தான் வேண்டும். கடிகாரம் மாற்றுவதை நிறுத்த 2019-லேயே ஐரோப்பிய நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டது. இன்னும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளைக்கு நிறுத்தினால் இன்று மாற்றி வைத்த யுடிசி நேரங்களில் ஒரு பகுதி பிசகும். ஆனால் இதில் எனக்கு இருப்பது ஒரே ஒரு மீட்டிங்கின் அனுபவம். ஆயிரக்கணக்கில் அப்பாயின்ட்மென்ட் ஓட்டுகிறவர்கள் என் பேச்சைப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம்.