புதிய டேங்க் என்று சொல்லிப் புட்டி பூசிய டேங்கை மாட்டினார்கள்: பழைய லாரி வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

வடசென்னையில் உள்ள ஒரு பட்டறையில் என் லாரிக்குப் புதிய டீசல் டேங்க் பொருத்துவதாகச் சொல்லி 21,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வேறு ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய ஓட்டை டேங்கைப் புட்டி (குழி, ஓட்டைகளை மறைக்கப் பூசும் பசை) பூசி மெழுகி மாட்டிவிட்டார்கள். நான் ஒரே வண்டி வைத்து நானே ஓட்டிப் பிழைப்பவன். என்னைப் போன்றவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என்னுடையது 2011-ஆம் ஆண்டு வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி புதுநகரில் நிறுத்தியிருந்த இடத்திலேயே இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றது. டேங்கின் பாதி உயரம் வரை தண்ணீர் இருந்தது. நீர் வடிந்ததும் கியர்பாக்ஸ், கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) எண்ணெய்களை மாற்றினேனே தவிர, டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. டீசலைவிடத் தண்ணீர் கனமானது. மூடி வழியாகவோ காற்றுத் துளை வழியாகவோ உள்ளே போன நீர் நேராக அடித்தகட்டில் போய்த் தங்கிவிடும். வெள்ளம் வராத காலத்திலும், டேங்கைப் பாதி காலியாக வைத்து இரவெல்லாம் நிறுத்தினால் நம் ஊர்க் கடற்காற்றின் ஈரமே உள்சுவரில் வியர்த்து இறங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகப் படியும். அதன் கீழே இரும்புத் தகடு அரிக்கத் தொடங்கும். வெளிப்பக்கத்தில், டேங்கைத் தாங்கும் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் தேய்ந்த இடத்தில் சேறும் ஈரமும் சிக்கிக்கொண்டு அங்கேயும் அரிக்கும். பழைய வண்டிகளில் கசிவு பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் தொடங்குகிறது.

எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. 2024 ஏப்ரலில், காலையில் வண்டியை எடுத்தால் டேங்குக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு டீசல் கறை தெரிந்தது. பட்டறைக்காரர் பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஒட்டு போட்டா நிக்காது. புது டேங்க் போட்டுடுங்க, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றார். ஒட்டுப்போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் நேர்மையானவர் என்று நம்பினேன். பழைய டேங்கை அவரே வைத்துக்கொண்டு, அதற்காக 2,000 ரூபாய் கழித்து 21,000 என்று பேசி முடித்தோம். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மாலை வந்தபோது கறுப்புப் பெயின்ட் பளபளக்க ஒரு டேங்க் மாட்டப்பட்டிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கொடுத்த துண்டுச் சீட்டைப் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

47-ஆம் நாள், செங்குன்றத்தில் சரக்கு ஏற்றி நெல்லூர் நோக்கிப் போகும்போது தடாவைத் தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. நாயுடுப்பேட்டை வருவதற்குள் இரண்டு முறை தானாக அணைந்தது. இறங்கிப் பார்த்தபோது டேங்கின் அடியிலிருந்து டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து சொட்டத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அன்று தூறல் வேறு விழுந்துகொண்டிருந்தது. ஈரச் சாலையில் டீசல் படிந்தால் இருசக்கர வாகனத்தில் வருபவர் பிரேக் பிடித்த மறுகணம் சறுக்கி விழுவார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எவரேனும் விழுந்தார்களா என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. பண நட்டத்தைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நாயுடுப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். அதில் துருத் தூளும் கறுப்புக் கூழும், அவற்றோடு பசை உரிந்த செதில்களும் இருந்தன. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் சல்லடை முழுவதும் அடைத்திருந்தது. பிறகு அவர் ஒரு காந்தத்தை எடுத்து டேங்கின் மேல் வைத்தார், பிடித்துக்கொண்டது. அடிப்பக்கம் வைத்தார்; கீழே விழுந்தது. அங்கே தகட்டின் மேல் புட்டி அவ்வளவு தடிமனாக இருந்தது. அதைச் சுரண்டியபோது கறுப்புப் பெயின்டுக்குக் கீழே நீல நிறம் தெரிந்தது. என் வண்டியில் இருந்த டேங்க் ஒருநாளும் நீலமாக இருந்ததில்லை. புதியது என்று விற்கப்பட்டது இன்னொருவர் கழித்துப்போட்ட டேங்க் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்ட டேங்கும் இந்நேரம் இதே போல் வேறு யாருக்கோ புதியதாகப் போயிருக்கக்கூடும்.

உண்மையிலேயே புதிய டேங்குக்கு 26,500, ஃபீட் பம்பு, ஃபில்டர், இன்ஜெக்டர் வேலைகளுக்கு 19,000, சரக்கு தாமதமானதற்கு வாடகையில் பிடித்தது 6,000 என்று செலவானது. முதலில் கொடுத்ததையும் சேர்த்தால் 72,500 ரூபாய். திரும்பி வந்து பட்டறையில் கேட்டபோது அவர் என் துண்டுச் சீட்டையே என்னிடம் நீட்டினார். அதில் "டேங்க் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தது. புதியது என்ற சொல்லும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, வண்டி எண்கூட இல்லை. நான் ஏமாந்தது டேங்க் மாட்டிய அன்றல்ல, அந்தச் சீட்டைப் படிக்காமல் பையில் வைத்த நொடியில்தான் என்று நினைக்கிறேன்.

ஆகையால் டேங்க் மாற்றுபவர்கள், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே புதிய டேங்கை நேரில் பார்த்து, டீசல் அளவைக் காட்டும் மிதவை பொருத்தும் துளை வழியாக டார்ச் அடித்து உட்புறத்தைப் பாருங்கள். தீக்குச்சியோ லைட்டரோ வேண்டவே வேண்டாம். காந்தத்தை அடிப்பக்கம் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். அலுமினிய, பிளாஸ்டிக் டேங்குகளுக்கு இந்தச் சோதனை பயன்படாது. பழைய டேங்கை எடைக்குப் போட்டால் குறைவாகத்தான் கிடைக்கும் என்றாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பழைய டேங்கையே சரிசெய்வதும் தவறில்லை. தகடு நல்ல கனமாக இருந்து ஓட்டை ஓரிடத்தில் மட்டும் இருந்தால் முறையான வெல்டிங் பல ஆண்டு தாங்கும். ஆனால் டீசல்தானே, பெட்ரோலைப் போல் பற்றாது என்று காலி டேங்கில் நேராக நெருப்பு வைப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். நம் நாட்டில் விற்கப்படும் டீசலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தீப்பற்று நிலை, அதாவது நெருப்புப் பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை, 35 டிகிரி செல்சியஸ். சென்னையின் மே மாத வெயிலே அதைத் தாண்டுகிறது. நிறைந்த டேங்கைவிட, ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் காலி டேங்கே வெடிக்கக்கூடியது. இரும்பு டேங்க் என்றால் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரால் பலமுறை கழுவி, வெல்டிங் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் ஆகும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் கழுவவில்லை என்று பொருள்.

வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பட்டறைக்காரர் என்னிடம் சொன்னார். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்துக்கானதாகக் கருதுவதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, பிறகு மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்தேன்.

அந்த நீல டேங்கை நான் எடைக்குப் போடவில்லை. நன்றாகக் கழுவி, அடிப்பக்கத்தைக் கைரம்பத்தால் அறுத்து, புட்டியின் தடிமன் தெரியும்படி வீட்டில் வைத்திருக்கிறேன். ஆணையம் கேட்கும் நாளில் அதைத்தான் கொண்டுபோய் வைக்கப்போகிறேன்.