படத்தில் இல்லாத பாட்டுக்குக் குறை சொன்ன விமர்சனங்கள்: டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, திருச்சியில் ஒரு மல்டிபிளெக்ஸ் தியேட்டருக்கு அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள் மூவரையும் அழைத்துக்கொண்டு போனேன். முந்தைய நாள்தான் வெளியான தமிழ்ப் படம். அதன் பெயரையோ, அதைப் பரிந்துரைத்த விமர்சகர்களின் பெயரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் படத்தைத் தூற்றுவது என் நோக்கமும் இல்லை. அது சிலருக்குப் பிடித்திருக்கலாம். அதைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்ட பொய்யைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அம்மா துறையூரில் தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு அவர் தியேட்டர் பக்கமே வரவில்லை, ஆறு வருடம் ஆகிறது. சென்ற ஆண்டு இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்து, "இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதுடா" என்று சொன்ன நாளிலிருந்து, அவரை நல்ல படம் ஒன்றுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று காத்திருந்தேன். அதனால்தான் இந்த முறை வழக்கத்தைவிடக் கவனமாக விமர்சனங்களைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவு மூன்று காணொலிகள். அவற்றில் ஒன்று, நான் நான்கு வருடமாகத் தொடர்ந்து பார்த்து, நம்பி, பலருக்குப் பரிந்துரைத்த ஒருவருடையது.

மூவருமே கடைசியில் பலம், பலவீனம் என்று பிரித்துச் சொன்னார்கள். பலம்: நாயகனின் நடிப்பு, பின்னணி இசை, இடைவேளைக் காட்சி, அம்மா பாசம். பலவீனம்: இரண்டாம் பாதியில் வரும் அந்தக் காதல் பாட்டு கதைக்கு வேகத்தடையாக இருக்கிறது. முடிவாக மூவரும் சொன்னது, குடும்பத்துடன் பார்க்கலாம். குறையையும் சேர்த்தே சொல்கிறார்களே, ஆகவே நேர்மையாகத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பாட்டு வேகத்தடை என்பதெல்லாம் எங்கள் வீட்டுக்குக் குறையே இல்லை. படம் வருவதற்கு மூன்று வாரம் முன்பே அந்தப் பாட்டு வெளியாகி, என் மகளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். அதைப் பெரிய திரையில் பார்க்கப் போகிறோம் என்பதுதான் அவளுடைய குதூகலம். நான்கு டிக்கெட்டும் முன்பதிவுக் கட்டணமும் சேர்த்து 900 ரூபாய்க்கு மேல் ஆனது.

விளக்கு அணைந்து தணிக்கைச் சான்றிதழ் திரையில் வந்தது. எழுத்து எங்கே தெரிந்தாலும் வாய்விட்டுப் படிப்பது என் மகளின் பழக்கம். "154 நிமிடம்" என்றாள். பிறகு, "யு/ஏ 16 பிளஸ்ஸாம். அப்பா, 16 பிளஸ் என்றால் என்ன?" என்று கேட்டாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2024 நவம்பரிலிருந்து யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாக மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். 16 என்றால், அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போவதைப் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று பொருள். முன்பதிவு செய்த செயலியில் அது இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. அது என் தவறு, மறுக்கவில்லை. ஆனால் "குடும்பத்துடன் பார்க்கலாம்" என்று மூன்று பேர் அடித்துச் சொன்ன பிறகு நான் அதைத் தேடவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. சமையலறையில் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கிறார்கள். கேமரா அவள் முகத்துக்குப் போகாமல் கால்களிலேயே நிற்கிறது. குதிகால் அம்மியின் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருக்கிறது, தட்டுவது மெல்ல மெல்லக் குறைகிறது. விமர்சனத்தில் "மிரட்டலான இடைவேளை" என்று சொன்னது இதைத்தான். மகள் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் அம்மா என் கையைப் பிடித்தார், விரல்கள் சில்லிட்டிருந்தன. "போய்விடலாமா, ராஜா?" என்றார்.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். மகளின் பாட்டு எங்களை நிறுத்தியது. அதுதான் இரண்டாம் பாதியில் வருகிறதே! அழுத முகத்தோடும் அவள் அதைத்தான் கேட்டாள். ஆகவே இடைவேளைக்குப் பிறகு அம்மாவும் மனைவியும் மகளும் வெளியே கூடத்தில் உட்கார்ந்துகொள்வது, நான் உள்ளே இருந்து பாட்டு தொடங்கியதும் போனில் அழைப்பது என்று முடிவு செய்தோம். பாட்டு முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதி முழுவதையும் நான் தனியாகப் பார்த்தேன். எழுத்துகள் ஓடி முடிந்து விளக்குப் போட்டார்கள். பாட்டு வரவே இல்லை.

இதைப் படிப்பவர்கள் ஒரு கணம் நின்று யோசியுங்கள். படத்தில் அந்தப் பாட்டு இல்லை. இல்லாத பாட்டு படத்தின் வேகத்தைக் கெடுக்கிறது என்று மூன்று விமர்சகர்கள், ஏறக்குறைய ஒரே சொற்களில் குறை சொல்லியிருக்கிறார்கள்.

அன்று இரவே மூன்று காணொலிகளையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் எல்லாக் கோணத்திலும் யோசித்தேன். பத்திரிகையாளர் காட்சியில் பாட்டு இருந்து, பிறகு வெட்டியிருப்பார்களோ? வெளியான பிறகு நீளத்தைக் குறைப்பது நம் ஊரில் புதிதில்லைதான். ஆனால் நான் நான்கு வருடம் நம்பியவர், படத்தின் நீளம் 2 மணி 40 நிமிடம் என்கிறார், அதாவது 160 நிமிடம். என் மகள் படித்த சான்றிதழில் இருந்தது 154. தணிக்கைக்குப் போகும்போதே படத்தில் அந்தப் பாட்டு இல்லை என்றுதானே இதற்குப் பொருள்? அதே பத்திரிகையாளர் காட்சிக்குப் போய்வந்த ஒரு நாளிதழ் விமர்சகர் எழுதியதையும் தேடிப் படித்தேன். அவர் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தச் சமையலறைக் காட்சியைக் குறிப்பிட்டு, சிறுவர்களை அழைத்துப் போக வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தார். காணொலியின் சத்தத்தில் அந்த நான்கு பத்தி என் கண்ணில் படாமல் போனது.

நான் நம்பியவரின் காணொலிக்குக் கீழே மரியாதையாக ஒரு கேள்வி எழுதினேன்: "ஐயா, வேகத்தடை என்று நீங்கள் சொன்ன பாட்டு படத்தின் எந்த இடத்தில் வருகிறது?" அரை மணி நேரத்தில் கேள்வி காணாமல் போனது. மறுபடி கேட்டேன். இரண்டாவது முறை என்னையே தடுத்துவிட்டார்கள்.

சென்னையில் படங்களுக்கு இணைய விளம்பரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு ஒரு குறிப்பு தயாராகுமாம். கதைச் சுருக்கம், எடுத்துச் சொல்ல வேண்டிய பலம் நான்கைந்து, கூடவே பலவீனம் ஒன்று. பலவீனத்தையும் அவர்களே எழுதித் தருவார்கள். வெறும் புகழ்ச்சியாக இருந்தால் மக்கள் நம்ப மாட்டார்கள். ஒரு சின்னக் குறை இருந்தால் மற்றதெல்லாம் உண்மையாகத் தெரியும். அந்தக் குறையும் டிக்கெட் விற்பனையைத் தொடாத குறையாக இருக்க வேண்டும். நீளம் சற்று அதிகம், ஒரு பாட்டைத் தவிர்த்திருக்கலாம், சில லாஜிக் மீறல்கள் என்று இந்த வகைதான். என் விஷயத்தில், குறிப்பு எழுதிய பிறகு படத்தொகுப்பில் பாட்டைத் தூக்கியிருப்பார்கள், குறிப்பைத் திருத்த யாருக்கும் நினைவு வந்திருக்காது என்பது அவருடைய ஊகம். தொகை எவ்வளவு என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் வலித்தது இதுதான். புகழ்ந்ததற்குக் காசு வாங்கியிருந்தால்கூட, விற்பவன் தன் சரக்கைப் புகழத்தான் செய்வான் என்று விட்டிருப்பேன். குறையையும் காசுக்குச் சொன்னார்கள். நாங்கள் ஒருவரை நம்புவதற்குக் காரணமாக இருந்த அந்த ஒரே இடத்தைத்தான் விற்றிருக்கிறார்கள்.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 2000-ல் அமெரிக்காவில் சோனி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு, டேவிட் மேனிங் என்று பிறக்கவே பிறக்காத ஒரு விமர்சகரை உருவாக்கி, அவர் பாராட்டியதாகத் தன் படங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. 2001-ல் 'நியூஸ்வீக்' இதழ் அதை அம்பலப்படுத்தியது. ரசிகர்கள் வழக்குத் தொடுத்து, 2005-ல் நிறுவனம் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. டிக்கெட் வாங்கி ஏமாந்தவர்கள் ஆளுக்கு 5 டாலர் கேட்டுப் பெறலாம் என்று முடிவானது. அங்கே இல்லாத விமர்சகர், இங்கே இல்லாத பாட்டு.

இதற்கு நேர்மாறான குறையைத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்: வேண்டுமென்றே படத்தைக் கொல்லும் விமர்சனங்கள். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாட்கள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்களின் இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடை விதிக்க மறுத்துவிட்டது. மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். மூன்று நாள் எல்லோர் வாயையும் அடைத்தால், அந்த நாளிதழ் விமர்சகரின் எச்சரிக்கையும் என்னைப் போன்ற தகப்பனுக்குக் கிடைக்காமல் போகும். வேண்டியது வேறு: காசு வாங்கியவர் காசு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறது. பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளையோ சேவையையோ பரிந்துரைப்பவர், அந்தத் தொடர்பைப் பார்ப்பவர்களுக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளும் 2023 ஜனவரியில் வந்த விளக்கக் கையேடும் இதைச் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. நான் பார்த்த மூன்று காணொலியிலும் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை, கீழே விவரக் குறிப்பிலும் இல்லை.

ஆகவே இப்போது விமர்சனம் பார்க்கும்போது பலம் என்ற பகுதியைத் தாண்டி நேராகப் பலவீனத்துக்குப் போகிறேன். படம் பார்க்காதவர்கூடச் சொல்லிவிடக் கூடிய குறையா அது? அப்படியென்றால் மூடிவிடுகிறேன். உண்மையாகப் பார்த்தவர் ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டுவார். எந்த இடத்தில் தனக்குச் சலித்தது, ஏன் சலித்தது என்று சொல்வார். இந்தப் படம் யாருக்கு ஆகாது என்றும் சொல்வார். மூன்று பேர் சொல்லும் குறை சொல் மாறாமல் ஒன்றாக இருந்தால் எழுதியவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் கடைசியாக எந்தப் படத்தை வேண்டாம் என்று சொன்னார், அது பெரிய நிறுவனத்தின் படமா என்றும் தேடிப் பாருங்கள். நான் நம்பியவரின் பக்கத்தில் பின்னோக்கிப் போனேன். பெரிய படம் எதையும் அவர் வேண்டாம் என்று சொல்லி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் சான்றிதழின் வயதை முதலில் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்பா 'ஆனந்த விகடன்' மதிப்பெண் பார்க்காமல் எந்தப் படத்துக்கும் போனதில்லை. 1977-ல் '16 வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்த 62.5 மதிப்பெண்ணைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நூற்றுக்கு 40 வாங்கிய படத்துக்கும் அழைத்துப் போவார், ஆனால் 40 என்று தெரிந்துகொண்டு போவோம் என்றார் அம்மா. அந்தச் சமையலறைக் காட்சியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மகள் மட்டும் இன்னும் இரவில் சமையலறைக்குத் தனியாகத் தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பதிவு எண் வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. இதே படத்துக்கு இதே விமர்சனங்களை நம்பிப் போனவர்கள் இருந்தால், டிக்கெட் ரசீதையும் காணொலியின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் அழையுங்கள். நான் நம்பியவரின் காணொலி இதை எழுதும்போதும் இணையத்தில் இருக்கிறது. பாட்டைப் பற்றிச் சொன்ன பதினைந்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். "குடும்பத்துடன் பார்க்கலாம்" அப்படியே இருக்கிறது.