தரைக்கு அடியில் ஹீட்டிங் போடுகிறீர்களா? டைல்ஸ் ஒட்டும் முன் ஓம் கணக்கை எழுதி வாங்குங்கள்

நீலகிரியில் புது வீடு கட்டி, தரைக்கு அடியில் ஹீட்டிங் கேபிள் போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேபிள் மேல் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். எங்களை ஏமாற்றியவர்கள் அந்தத் தைரியத்தில்தான் ஏமாற்றினார்கள்.

எங்கள் வீடு ஊட்டிக்கு வெளியே, தாழ்வான பக்கம். டிசம்பர், ஜனவரியில் வாசல் புல் வெள்ளையாக உறைந்துவிடும். அம்மாவுக்கு மூட்டு வலி, காலை ஊன்றவே சிரமப்படுவார். அதனால் ஹாலுக்கும் அம்மா அறைக்கும் தரை ஹீட்டிங் என்று முடிவு செய்தோம். கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்தது: சூடு கீழே இறங்காமல் தடுக்க அடியில் இன்சுலேஷன் போர்டு, அதன்மேல் கேபிள் மேட், ஹாலுக்கு 2000 வாட், தரைக்குள் வெப்பத்தை அளக்கும் சென்சார், சுவரில் அதைப் பார்த்து ஹீட்டிங்கை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட். எல்லாம் எழுத்தில் இருந்தது.

குளிர் வந்தது, தரை சூடாகவில்லை. இரவெல்லாம் ஓடியும் டைல்ஸ் வெதுவெதுப்போடு நின்றது. மின்கட்டணம் மட்டும் ஏறியது. கூப்பிட்டுச் சொன்னால், "சார், உங்க ஏரியாவுல வோல்டேஜ் கம்மி. மலையில இவ்வளவுதான் வரும்" என்றார்கள்.

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்ப வைக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் சூடு நிஜமாகவே குறையும். 230க்குப் பதில் 190 வந்தால், கேபிள் தரும் சூடு மூன்றில் இரண்டு பங்காகிவிடும். ஆனால் கேபிளின் ஓம் அளவுக்கும், அதாவது மின்தடைக்கும், அன்றைய வோல்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. கோத்தகிரியிலிருந்து வந்த எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைத்தான் முதலில் பார்த்தார். மெயினை அணைத்து, தெர்மோஸ்டாட்டிலிருந்து கேபிள் முனைகளைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். 44 ஓம் காட்டியது. கணக்கு எளிது: 230ஐ 230ஆல் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 2000 வாட் கேபிள் என்றால் சுமார் 26 ஓம் இருக்க வேண்டும். 44 ஓம் என்றால் 1200 வாட்தான். பணம் வாங்கியது 2000க்கு.

மல்டிமீட்டர் இல்லாதவர்களும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு அறையின் ஹீட்டிங்கை மட்டும் முழு அளவில் வைத்து, ஒரு மணி நேரம் ஈ.பி. மீட்டரைப் பாருங்கள். 2000 வாட் என்றால் 2 யூனிட்டுக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். அப்புறம், தரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஹீட்டிங்கைப் போடுங்கள். கேபிள் இருக்கும் இடம் முதலில் காயும். எங்கள் ஹாலில் நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்தது. சுவரோரம் முழுக்க ஈரமாகவே கிடந்தது.

தெர்மோஸ்டாட்டில் செய்ததுதான் எனக்கு அதிகக் கோபம். தரை சென்சாரை ஒரு குழாய்க்குள் விட்டு, இரண்டு கேபிள் வரிகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். அப்போதுதான் கெட்டுப்போனால் உருவி வேறு மாற்றலாம். இவர்கள் குழாயே இல்லாமல் கலவைக்குள் புதைத்துவிட்டார்கள், அது செத்துப்போயிருந்தது. சென்சார் இல்லை என்று திரையில் எரர் வந்திருக்க வேண்டும். வராமலிருக்க, மெனுவுக்குள் போய் அறைக் காற்றின் வெப்பத்தை மட்டும் பார்க்கும்படி மாற்றி வைத்திருந்தார்கள். தெர்மோஸ்டாட் சமையலறைச் சுவரையொட்டி இருந்ததால், அடுப்பு எரிந்தாலே ஹீட்டிங் அணைந்துவிடும்.

இது வெறும் வசதிக் குறைவு இல்லை. நம் வீடுகளில் தரையில்தான் உட்காருகிறோம், பாயும் மெத்தையும் விரித்துப் படுக்கிறோம். மெத்தைக்கு அடியில் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தரை சென்சார் வேலை செய்தால்கூட, அது மெத்தைக்கு அடியில் இல்லையென்றால் அந்தச் சூட்டை அறியாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது. ஆட்கள் புழங்கும் அறைகளில் தரை மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. தெர்மோஸ்டாட்டில் காற்று, தரை இரண்டையும் பார்க்கும் முறையை வைத்து, தரைக்கு உச்ச வரம்பும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்படியும் ஹீட்டிங் ஓடும் இடத்தில் மெத்தையோ கால் இல்லாத அலமாரியோ போடாதீர்கள்.

இன்சுலேஷன் போர்டும் இல்லை. வாசற்படி ஓரத்தில் ஒரு டைலைப் பெயர்த்தபோது தெரிந்தது, கலவை நேராக அடித்தள கான்கிரீட் (பி.சி.சி.) மேலேயே இருக்கிறது. சூட்டில் கணிசமான பங்கு கீழே போய்க்கொண்டிருந்தது. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்களிடம் காட்டுவதற்காகக் கலவை ஆறும் முன்பே ஹீட்டிங்கை ஓட விட்டதும் அவர்கள்தான். கனமான சிமெண்ட் தளம் ஏறத்தாழ நான்கு வாரம் தானாகக் காய வேண்டும், நம் ஊர் மூடுபனியில் இன்னும் தாமதமாகும். இப்போது பல டைல்ஸ் தட்டினால் பொக்கென்று ஒலிக்கிறது.

கேபிளோடு வரும் வாரண்டி அட்டையில் ஓம் அளவையும், மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் அளவையும் எழுத இடம் இருக்கும். விரிக்கும் முன், விரித்த பின், டைல்ஸ் ஒட்டிய பின் என்று மூன்று முறை உங்கள் கண்முன் அளந்து எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த அட்டை வெறுமையாக இருந்தது. கலவை போடும் முன் போர்டு, கேபிள், சென்சார் குழாய் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுங்கள். கடைசித் தவணையைக் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கொட்டேஷன், பணம் கட்டிய ரசீது, ஓம் அளவெடுக்கும் வீடியோ மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை ஹால் தரையை உடைக்க வேண்டாம், அதுதான் சாட்சி என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.