ஷூவில் மாட்டும் ஓட்டச் சென்சார்: எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கிருஷ்ணகிரி அணைக்குச் செல்லும் சாலையிலும் மாவட்ட விளையாட்டரங்கின் ஓடுதளத்திலும் சில ஆண்டுகளாக அதிகாலையில் ஓடி வருகிறேன். பெரும்பாலான நாட்களில் ஷூ லேஸில் மாட்டும் சிறிய சென்சாரும் கையில் ஜிபிஎஸ் வாட்சும் உடனிருக்கும். அவை காட்டும் எண்களில் நேராக அளந்தவை எவை, கணக்குப் போட்டு ஊகித்தவை எவை என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது என்பதே நான் சொல்ல விரும்புவது.

கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை காலடி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பாதம் தரையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் முடுக்கமானியில், அதாவது வேகம் மாறுவதை உணரும் கருவியில், கூர்மையான அதிர்வு பதிவாகிறது; அதை எண்ணினாலே போதும். வாட்ச் கைவீச்சை வைத்துக் கணக்கிடுவதால், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது மட்டும் தடுமாறுகிறது.

தரைத் தொடுநேரத்தை, அதாவது ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் இருக்கும் நேரத்தைத்தான் நான் அதிகம் சோதித்தேன். என்னைப் போன்ற சாதாரண ஓட்டக்காரர்களுக்கு இது ஏறத்தாழ 200 முதல் 300 மில்லிசெகண்ட் வரை இருக்கும். ஓடுதளத்தின் ஓரத்தில் கைப்பேசியைத் தரையோடு தரையாக வைத்து, நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் பாதத்தைப் படமெடுத்தால் ஒரு பிரேம் சுமார் 4 மில்லிசெகண்ட் ஆகிறது. குதிகால் பட்டுப் புழுதி எழும் பிரேமிலிருந்து கட்டைவிரல் தரையை விட்டு விலகும் பிரேம் வரை எண்ணி, சென்சார் தந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் அப்படியே ஒத்துப்போகவில்லை; சென்சார் சற்றுக் குறைத்தே காட்டியது. ஆனால் எப்போதும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்துக் காட்டியது. பாதம் இறங்குவது ஓர் அடியாக விழுவதால் அந்தக் கணத்தைப் பிடிப்பது எளிது. தரையை விட்டு எழுவது மென்மையாக நடப்பதால் அந்தக் கணத்தைக் கருவி ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே என்னுடைய போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. வேறு கருவி வைத்திருக்கும் நண்பருடைய எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

இடது–வலது வேறுபாடு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. இரண்டு ஷூவிலும் சென்சார் மாட்டி ஓடியபோது ஒரு காலின் தொடுநேரம் கூடுதலாக வந்தது. அதே சாலையின் மறு ஓரத்தைப் பிடித்து ஓடினால் மற்றக் கால் கூடுதலானது. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவிலிருந்து இருபுறமும் சரிந்திருப்பதால், ஓரத்துக் கால் எப்போதும் சற்றுத் தாழ்வாகவே ஊன்றுகிறது. சமதளமான ஓடுதளத்தில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. கருவி அளந்தது சரிதான். அது காட்டியது காலின் குறையை அல்ல, சாலையின் சரிவை.

தூரமும் எட்டு நீளமும், அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான தூரமும், வேறு கதை. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டுத்தான், அதாவது முடுக்கத்தைக் கூட்டி வேகத்தையும் அந்த வேகத்தைக் கூட்டித் தூரத்தையும் பெற்றுத்தான், சென்சார் தூரத்தைக் கண்டறிகிறது. சிறு பிழையும் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். பாதம் தரையில் ஊன்றியிருக்கும் கணத்தில் அதன் வேகம் சுழி என்று வைத்து ஒவ்வோர் அடியிலும் பிழையைத் துடைக்கிறார்கள். நடக்கும்போது அந்தக் கணம் நீண்டது. விரைந்து ஓடும்போது, குறிப்பாக முன்பாதத்தால் ஓடுவோருக்கு, பாதம் முழுமையாக நிலைத்து நிற்பதே அரிது. அதனால் மெதுவான ஓட்டத்தில் 400 மீட்டர் சுற்றோடு நன்றாகப் பொருந்திய சென்சார், வேகச் சுற்றுகளில் விலகியது. வாட்ச் ஜிபிஎஸ் வேகத்தைக் கேடன்ஸால் வகுத்து எட்டு நீளத்தைச் சொல்கிறது; அடர்ந்த புளியமர நிழலில் சிக்னல் கெட்டால் என் எட்டும் மாறியதாகக் காட்டும்.

செங்குத்து அசைவு என்பது ஒவ்வோர் அடியிலும் உடல் எவ்வளவு மேலெழுந்து இறங்குகிறது என்பதைக் குறிப்பது. பாதத்திலிருக்கும் கருவி அதை ஊகிக்கத்தான் முடியும். மார்பில் கட்டும் சென்சார் பட்டையே இதற்குப் பொருத்தம். பாதம் உட்சாயும் கோணத்தையும் நான் பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் லேஸில் மாட்டிய கருவி உணர்வது ஷூவின் சாய்வை. உள்ளே குதிகால் எப்படித் திரும்புகிறது என்பது அதற்குத் தெரியாது.

நீண்ட காலம் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது கணக்கிடும் முறையும் மாறலாம். ஒருமுறை புதுப்பித்த மறுநாளே, என் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இன்றி, தொடுநேரக் கோடு ஒரு படி இறங்கியது. அன்றிலிருந்து புதுப்பித்த தேதி, ஷூ மாற்றிய தேதி, கிளிப்பை லேஸின் எந்த வரிசையில் மாட்டினேன் என்ற விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு தேதிக்குப் பின்னும் ஒப்பீட்டைப் புதிதாகத் தொடங்குகிறேன்.