மஞ்சள் அனிமோன் வாங்கப் போகிறீர்களா? என் 7,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

அனிமோன் என்றால் பூ மாதிரி விரிந்திருக்கிற கடல் உயிர், தமிழில் கடல் சாமந்தி. நேற்று ராத்திரிதான் செத்துப்போன என் அனிமோனைத் தொட்டியிலிருந்து வழித்து எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாற்றம் போகவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் சூடாகத்தான் வரும். கடைப் பேரைச் சொல்லப் போவதில்லை. சென்னையில் நன்னீர் மீன்களோடு ஒரு ஓரத்தில் கடல் மீனும் வைத்து விற்கிற கடை, நீல வெளிச்சத்தில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற வகை, அவ்வளவு போதும். வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டடித் தொட்டி, ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லைவ் ராக் (நல்ல பாக்டீரியா வாழ்கிற கடல் பாறை), சின்ன ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை எடுக்கிற கருவி), ஓசிலாரிஸ் கிளவுன் மீன் ஒரு ஜோடி, கடலில் அனிமோனுக்குள் வாழ்கிற மீன். வெயில் காலத்தில் தண்ணீருக்கு மேலே மின்விசிறி ஓட விட்டுத்தான் சூட்டைக் கட்டுப்படுத்துகிறேன், தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் வாங்குகிற வசதி நமக்கு இல்லை. கிளவுன் வைத்திருக்கிறவன் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது "அந்தப் பூ எங்கேங்க?" என்பதுதான். அந்தப் பூவைத்தான், கடல் சாமந்தியைத்தான், கேட்டுப் போனேன்.

அந்த ஆள் எப்படி நம்ப வைத்தார் என்பதைச் சொல்லியே ஆகணும். முதலில் நான் ஒரு பவளத்தைக் காட்டி விலை கேட்டேன். "அது வேணாம் சார், உங்க லைட்டுக்கு அது நிக்காது, காசு வீணாப் போயிடும்" என்றார். விற்கிற பொருளையே வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் தொட்டிப் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், சாலினிட்டி, அதாவது தண்ணீரின் உப்பளவு, கேட்டார், 1.025 என்றேன், "சூப்பர் மெயின்டனன்ஸ் சார்" என்றார். தொட்டி ஆரம்பித்து நாலு மாசம்தான் ஆச்சு என்று நானே சொன்னேன். "சைக்கிள் முடிஞ்சிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று சிரித்தார். புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா உருவாகிற காலத்தைத்தான் சைக்கிள் என்பார்கள். அப்புறம்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்த மஞ்சள் அனிமோனைக் காட்டினார். செபே என்கிற வகை அனிமோனாம், ரேர் கலராம், இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாராம், எனக்காக நிறுத்தி வைப்பாராம். வெள்ளை லைட் போட்டுக் காட்டுங்கள் என்றதற்கு "அது ஃபியூஸ் ஆயிடுச்சு சார்". அனிமோன் 6,200. கூடவே "இது போடலன்னா அது சாப்பிடாது" என்று தலையில் கட்டிய பாட்டில் மருந்து 1,300. மொத்தம் 7,500 ரூபாய், ஜிபேயில் அனுப்பினேன், பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு.

வீட்டில் பையைப் பிரித்தபோதே தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தது. உடனே போன் போட்டேன். "டிராவல் ஸ்ட்ரெஸ் சார், ஒண்ணுமில்ல." சரி என்று மெதுவாகப் பழக்கித்தான் விட்டேன். அது பாறையைப் பிடிக்கவே இல்லை. வாய் பிளந்தபடி கிடந்தது, வைத்த இறால் துண்டைத் துப்பியது, ஓரத்தில் மஞ்சள் வெளுத்து உள்ளே இருந்த வெள்ளை தெரிய ஆரம்பித்தது. மறுபடி போன். "லைட்டைக் கம்மி பண்ணுங்க." அடுத்த முறை "லைட் பத்தல, ஏத்துங்க." அதற்கடுத்து "தண்ணி டெஸ்ட் போட்டோ அனுப்புங்க", அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. கடையில் வேலை பார்க்கிற பையன் எடுத்து "அண்ணன் வெளிய போயிருக்காரு" என்பான், பின்னாலேயே அண்ணன் குரல் கேட்கும்.

கடைசியில் கொளத்தூரில் ரொம்ப நாளாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போட்டோவைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் "சாயம் ஏத்துனது தம்பி" என்றார். உடம்புக்குள் ஒட்டி வாழ்கிற நுண்பாசிதான் அனிமோனுக்குப் பழுப்போ பச்சையோ நிறம் தருகிறது. வெளிச்சத்தை வைத்து அது தயாரிக்கிற உணவில்தான் அனிமோனின் பிழைப்பே பெரும்பாலும் ஓடுகிறது. சூட்டாலோ மோசமான கையாளுதலாலோ பாசி வெளியேறிவிட்டால் அனிமோன் வெளுத்துப்போகும், அந்த வெள்ளையைச் சாயத்தில் முக்கி எடுத்து ரேர் கலர் என்று விற்கிறார்களாம். இயற்கையில் மஞ்சள் சாயல் வரலாம், ஆனால் ஹைலைட்டர் பேனா மாதிரி மஞ்சள் வருமா? ஏற்கெனவே பட்டினியில் செத்துக்கொண்டிருந்த உயிருக்கு நான் 6,200 கொடுத்திருக்கிறேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சாயம் இல்லாத நல்ல செபேகூட என் தொட்டிக்கு ஆகாது என்றார் அவர். அரை மீட்டர் அகலம் வரை வளரக்கூடிய ஜீவன், இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்? தொட்டியும் ஒரு வருஷமாவது ஓடி நிலையாகியிருக்கணும், சைக்கிள் முடிந்தது மட்டும் போதாது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த மகராசனுக்கு இது தெரியாதா என்ன?

செத்தபோது நான் ஆபீசில் இருந்தேன். திரும்பி வந்தால் தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்துக் கிடக்கிறது, வாசலிலேயே அழுகல் வாடை, அம்மோனியா டெஸ்ட் கரும்பச்சை, அதாவது விஷ அளவு. சின்னத் தொட்டியில் இவ்வளவு பெரிய சதைப்பிண்டம் கரைந்தால் வேறென்ன ஆகும். ஒரு கிளவுன் போய்விட்டது, இன்னொன்றைப் பக்கெட்டில் புதுத் தண்ணீர் கலந்து ஏர் பம்ப் போட்டு வைத்திருக்கிறேன். ராத்திரியே வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், எடுத்துவிட்டார். "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது சார், எங்களுக்கே சப்ளையர் கிட்டருந்து அப்படித்தான் வருது." அப்படியானால் சாயம் என்று தெரியும்தானே என்றேன். கட். இப்போது இரண்டு நம்பரும் பிளாக். 7,500 ரூபாய்க்கு ஒரு சாரி கூடக் கிடையாது. ஜிபே ரசீதும் சாட்டும் பத்திரமாக இருக்கிறது, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன், காசு வருமோ வராதோ, அந்த ஆள் பதில் சொல்லட்டும்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, பக்கெட்டில் இருக்கிறதைப் பார்க்கணும். அவசரமாகச் சொல்கிறேன். வெள்ளை லைட்டில் காட்டாவிட்டால் வாங்காதீர்கள். பளீர் மஞ்சள் வேண்டாம், பளீர் வெள்ளையும் வேண்டாம், அதுவும் வெளுத்ததுதான். வாய் இறுக்கமாக மூடியிருக்கணும், அடிப்பாதம் கிழியாமல் எதையாவது கெட்டியாகப் பிடித்திருக்கணும். தண்ணீரைச் சுழற்றுகிற பவர்ஹெட் மோட்டாருக்கு வலை போடுங்கள், இது நகர்ந்து போய்ச் சிக்கிக்கொள்ளும். செம்பு கலந்த மீன் மருந்து போட்ட தொட்டியில் விடவே விடாதீர்கள். கிளவுனுக்கு அனிமோன் கட்டாயம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கிளம்பி வந்துவிடுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கிளவுனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள், தொட்டியில் பிறந்த மீன் அனிமோனைப் பார்க்காமலே நன்றாக வாழும். பாட்டில் மருந்து 1,300க்கு யாராவது நீட்டினால் லேபிளையாவது படியுங்கள், நான் வாங்கியதில் லேபிளே இல்லை.